நொச்சித்திட்டுக்கு மூணாம் தரம்

இந்த ஊர்ல இருந்து ஒருத்தன் ஃபைலும் கையுமா ஏறுதானேன்னு பாக்கிய, என்ன? பாருங்க, பாருங்க. கண்டக்டரே ஒரு மாதிரியாத்தான் பாத்தான். நொச்சித்திட்டுல எறங்கவும் ஆள் கெடையாது, ஏறவும் ஆள் கெடையாது. உப்பு லாரிக்குன்னு போட்ட ரோடு இது. கொஞ்சம் நவுந்துக்கிடுங்க அண்ணாச்சி. இந்தக் காகிதம் கசங்கப்படாது. தூத்துக்குடி போய்ச் சேர முக்கா மணி நேரம் ஆவும், நின்னுக்கிட்டு வர என் மூட்டு தாங்காது.

நானா? வட்டார வள மையத்துல ஆசிரியர் பயிற்றுநர். லிங்கதுரைன்னு பேரு. வாத்தியாருக்கெல்லாம் வாத்தியார்னு வச்சுக்கிடுங்க. அம்பத்திரண்டு பள்ளிக்கூடம் என் பார்வையில இருக்கு. எது உருப்படும், எது உருப்படாதுன்னு தரம் போடுறது நான்தான். வாசல்ல கால வைக்கும்போதே தெரிஞ்சிரும் எனக்கு. கக்கூஸ் கதவு, சுவத்துச் சுண்ணாம்பு, நம்மளைப் பாத்ததும் ஹெட்மாஸ்டர் நாற்காலிய விட்டு எந்திரிக்கிற வேகம். இந்த மூணு போதும். மிச்சம் எல்லாம் பாரத்தை நெரப்புற வேலைதான்.

போன வருசம் இந்த நொச்சித்திட்டுப் பள்ளிக்குப் போனேன் பாருங்க, ஹெட்மிஸ்ட்ரஸ் அந்தம்மா எந்திரிக்கவே இல்ல. தரையில உக்காந்து ஒரு பிள்ளைக்குச் சிலேட்டுல எழுதிக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. என்னைப் பாத்து, "வாங்க சார், இந்த வரி முடிச்சிட்டு வாரேன்"ங்கு. அந்த வரி முடியுற வரைக்கும் நான் நின்னேன். இருபத்தாறு வருச சர்வீஸ்ல என்னைய நிக்க வச்ச ஒரே ஹெட்மிஸ்ட்ரஸ் அதுதான்.

எமரன்சியான்னு பேரு. பதினாறு வருசமா அதே பள்ளிக்கூடம். ஒருத்தர் பதினாறு வருசம் ஒரே எடத்துல கெடந்தா என்ன அர்த்தம்? வேற எவனும் அந்த எடத்தைக் கேக்கலன்னு அர்த்தம்.

பள்ளிக்கூடம்னா நீங்க பெருசா நெனைச்சிராதிய. ஒரு ரூமு, ஒரு வராந்தா. அஞ்சு வகுப்புக்கும் சேத்து பத்தொம்பது பிள்ளைங்க. நாலு பக்கமும் உப்புப் பாத்தி. ஊரே குத்தகைக்குப் பாத்தி எடுத்து உப்பு வாருத சனம். விடியுமுன்ன ஆத்தாளும் அப்பனும் பாத்திக்குள்ள எறங்கிருவாவ. பிள்ளைங்க தானா எந்திரிச்சு, தானா குளிச்சு, அதாவது குளிச்சா குளிச்சு, தானா வரும். இதுகளை வச்சு ஒரு பள்ளி, அதுக்கு ஒரு கட்டடம், அதுக்கு ஒரு போர்டு.

அந்த வருசம் எங்க ஒன்றியத்துல ஒரு ஏற்பாடு வந்துச்சு. இருபது பிள்ளைக்குக் கீழ இருக்குற பள்ளி மூணாம் தரம் வாங்கினா, மூடி, பக்கத்துப் பெரிய பள்ளியோட சேத்துர வேண்டியது. ரெண்டாம் தரம் வாங்கினா பொழைச்சுக்கிடும். நொச்சித்திட்டுக்குப் பெரிய பள்ளின்னா மெயின் ரோட்டுல இருக்கு, நாலு கிலோமீட்டர். பைபாஸைத் தாண்டணும். இது அந்தம்மாவுக்கும் தெரியும், அந்த ஊருக்கும் தெரியும். ஒரு மனுசன் கையில நம்ம பள்ளிக்கூடத்தோட உசுரு இருக்குன்னு தெரிஞ்சா நீங்க என்ன செய்விய? ஒரு நாற்காலிய தொடைச்சுப் போட மாட்டிய? குடிக்க ஒரு சோடா, கலர் வாங்கித் தர மாட்டிய? அந்தம்மா பானைத் தண்ணிய மோந்து குடுத்துச்சு. உப்புக் கரிச்சுது.

மெயின் ரோட்டுப் பள்ளிய மொத நாளே பாத்து முடிச்சிருந்தேன். அங்க பரமார்த்தலிங்கம் ஹெட்மாஸ்டர். மனுசன்னா அவர் மனுசன். நான் கேட்டைத் தொறக்குறதுக்குள்ள ஓடி வந்து பையை வாங்கிட்டார். நூலகத்தைக் காட்டுங்கன்னேன். பீரோவைத் தொறந்தார் பாருங்க, கண்ணு குளுந்து போச்சு. நூத்திப்பன்னெண்டு புத்தகமும் வந்த கட்டு பிரிக்காம அப்படியே இருக்கு. மேல ஒட்டின சீலு கூட ஒடையல. எண்ண வேண்டிய அவசியமே இல்ல. பத்துக்குப் பத்து போட்டேன். கணிதப் பெட்டியும் அப்படித்தான். பாலித்தீன் பை கூடக் கிழியல. பிள்ளைங்க கை பட்டா வீணாப் போயிரும்னு அவரே சாவிய இடுப்புல முடிஞ்சு வச்சிருக்கார். அரசாங்கச் சொத்தை அப்படிப் பாதுகாக்கணும்.

இங்க வந்து, "பீரோவைத் தொறங்கம்மா"ன்னேன். "பூட்டு இல்ல சார், சும்மா இழுங்க"ங்கு. இழுத்தேன். ஒம்பது புத்தகம். நூத்திப்பன்னெண்டு இருக்க வேண்டிய எடத்துல ஒம்பது!

"மிச்சம் எங்கம்மா?"

"வீடுகள்ல இருக்கு சார்."

"ஆரு வீட்ல?"

"பிள்ளைங்க வீட்ல. ஒண்ண வாசிச்சு முடிச்சிட்டு ஒண்ண மாத்திக்கிடுவாவ. சில வீட்ல ஆத்தாமாருக்கும் பிள்ளைங்கதான் வாசிச்சுக் காட்டுதாவ."

ஒரு நோட்டை வேற எடுத்து நீட்டுது, எது எவன் வீட்ல இருக்குன்னு எழுதி வச்சிருக்காம். நோட்டு எனக்கெதுக்கு? எனக்குப் புத்தகம் வேணும், பீரோவுல வேணும். இருந்த ஒம்பதையும் எடுத்துப் பாத்தேன். ஒண்ணுல மீன் கொழம்பு. ஒண்ணு மூலையில ஆடு கடிச்சிருக்கு. ஒண்ணு அட்டை பிஞ்சு, உப்புச் சாக்கு தைக்கிற நூல வச்சு எவளோ தைச்சிருக்கா. அரசாங்கப் புத்தகத்தை, சாக்கு தைக்கிற மாதிரி! பாரத்தை எடுத்தேன். காணவில்லை, நூத்தி மூணு. சேதம், ஒம்பது. நல்ல நிலையில் உள்ளவை, பூஜ்யம். எழுதிட்டு அந்தம்மா மொகத்தைப் பாத்தேன். ஒரு பயம் இருக்கணுமே. இல்ல.

அடுத்து கணிதப் பெட்டி. பெட்டி மட்டும்தான் பெட்டியா இருந்துச்சு. அளவு ஜாடிய வராந்தாவுல வச்சு, அதுக்குள்ள பாத்தித் தண்ணிய ஊத்தி, கண்ணாடிக் குழாய் ஒண்ண மெதக்க விட்டிருக்கு. உப்பளத்துல தண்ணி எத்தன டிகிரி கனத்திருக்குன்னு பாப்பாவல்லா, அந்தக் குழாய். நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே மூணாப்புப் பிள்ளை ஒண்ணு குனிஞ்சு பாத்து, "இருவத்திரண்டு புள்ளி அஞ்சு சார். இன்னும் ஒண்ணு புள்ளி அஞ்சு ஏறணும், பெறவுதான் உப்பு வெளையும்"ங்கு. நான் கேட்டனா? கேக்காததுக்குப் பதில் சொல்லுத பிள்ளைய நல்ல பள்ளியில பாக்க முடியாது. சந்தனமாரின்னு பேராம். எண்ணெய் காணாத தலை, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு, வெயில்ல உப்பையே பாத்துக் கெடக்குறதுனால.

"தசமம் இதை வச்சுத்தான் சார் சொல்லிக் குடுக்கேன்"னு அந்தம்மா பெருமையாச் சொல்லுது. தசமம் மூணாப்புப் பாடத்துல இல்ல. இல்லாததை நடத்துறதுக்குப் பேரு என்ன? பாடத்திட்ட மீறல். எழுதிக்கிட்டேன். ஜாடி அடியில வெள்ளையா உப்புப் படிஞ்சிருந்துச்சு, அதையும் எழுதிக்கிட்டேன்.

பெறவு அஞ்சு வகுப்புக்கும் தனித்தனிப் பாடக்குறிப்பு கேட்டேன். ஒரே நோட்டுல எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கு. ஏன்னா, தனி ஆளாம், நேரம் பத்தலையாம். அங்க இன்னொரு டீச்சர் உண்டு, இல்லைன்னு சொல்லல. அவுகளை நாங்கதான் ரெண்டு வருசம் முன்னால வள மையத்துக்கு எடுத்துக்கிட்டோம், கம்ப்யூட்டர்ல அடிக்க ஆள் இல்லைன்னு. நல்லா அடிப்பாவ. எந்தெந்தப் பள்ளியில ஆசிரியர் பற்றாக்குறைன்னு மாசாமாசம் பட்டியல் போடுறது அவுகதான். அதுக்காக இந்தம்மா ஒரே நோட்டுல எழுதலாமா? கேளுங்க நீங்களே.

சரி, இதெல்லாம் வளம். வளத்துல கோட்டை விட்டாலும் படிப்புல மார்க் வாங்கினா ரெண்டாம் தரம் கெடைச்சிரும். மூணு, நாலு, அஞ்சு வகுப்புப் பிள்ளைங்க பதினோரு பேரையும் உக்கார வச்சு, மேல இருந்து வந்த கேள்வித்தாளைக் குடுத்தேன். இருபது கேள்வி. சரியான விடையில டிக் அடிக்கணும். ரொம்ப லேசு.

ஏழாவது கேள்விதான் இவங்க வண்டவாளத்தைக் காட்டிக் குடுத்துச்சு. மழைக்காலம்னு ஒரு சின்னப் பத்தி. அதுக்குக் கீழ, "மழை பெய்தால் ஊர் மக்கள் என்ன செய்வார்கள்?" நாலு விடை. மகிழ்வார்கள், உறங்குவார்கள், பாடுவார்கள், ஓடுவார்கள். ஒண்ணாப்புப் பிள்ளை கூட மொத விடையில டிக் அடிக்கும். இங்க பதினோரு பேரும் எதுல அடிச்சிருக்கு தெரியுமா? ஓடுவார்கள். பதினோரு பேரும்! ஒண்ணு ரெண்டு தப்பாப் போட்டா தெரியாமப் போட்டுட்டுன்னு விடலாம். பதினோரு பேரு ஒரே தப்பைப் போட்டா? ஆரோ சொல்லிக் குடுத்திருக்காவ. சொல்லிக் குடுத்த ஆளுக்கே விடை தெரியல. எனக்கு வந்த சிரிப்பு இருக்கே!

"என்னம்மா இது, காப்பியடிக்க விட்டாலும் ஒழுங்கா விட வேண்டாமா?"ன்னேன்.

அந்தம்மா பேப்பரை வாங்கிப் பாத்துச்சு. "சார், இந்த ஊர்ல மழை வந்தா ஓடுவாவ சார்"ங்கு. "வாரி வச்ச உப்பு கரைஞ்சிரும்லா. ஓலையும் தார்ப்பாயும் தூக்கிக்கிட்டு ஊரே ஓடும். இதுக பொறந்ததுல இருந்து பாத்தது அதான் சார். கேள்வியிலயும் 'ஊர் மக்கள்'னுதான போட்டிருக்கு?"

எப்படிப் பேச்சு பாருங்க. விடைக்குறிப்பை மேல இருந்து பெரிய பெரிய ஆள்கள் உக்காந்து தயாரிச்சு அனுப்புதாவ. அதுல மகிழ்வார்கள்னு இருக்கு. ஊருக்கு ஒரு விடை வைக்க முடியுமா? உப்பளத்துக்கு ஒண்ணு, வயக்காட்டுக்கு ஒண்ணு, மலைக்கு ஒண்ணுன்னு? மழைன்னா மகிழ்ச்சி. நாடு முழுக்க அதுதான். "முறைகேடு சந்தேகிக்கப்படுகிறது"ன்னு எழுதினேன். முறைகேடுன்னு வந்துட்டா மத்த பத்தொம்பது கேள்விக்கும் மார்க் கெடையாது. அதுகள்ல எல்லாம் எப்படிப் போட்டிருந்துச்சுன்னா கேக்கிய? சரியாத்தான் போட்டிருந்துச்சு. அதான் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிச்சு.

மூணாம் தரம்.

அதோட முடிஞ்சிருக்கணும். முடியல. ஒரு திங்கக்கிழம ஊர்ப் பொம்பளைங்க இருபது பேரு எங்க ஆபீஸ் வாசல்ல வந்து உக்காந்துட்டாவ. உப்புத்தண்ணியில வெடிச்ச காலோட அந்தப் புது டைல்ஸ்ல. ஒருத்தி, முத்துப்பேச்சின்னு, அந்தச் சந்தனமாரிக்கு ஆத்தா. "எம் பிள்ளைய பைபாஸ் தாண்டி அனுப்ப மாட்டேன்யா. உப்பு லாரி எப்படி வரும்னு ஒங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்"ங்கா. எங்க அதிகாரி பயந்தவர். "லிங்கதுரை, இன்னொரு தடவ பரீட்சை வச்சிரும்"னுட்டார்.

நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல அண்ணாச்சி. செப்டம்பர் கடைசியில ஒரு நாள் குறிச்சு நானே போனேன். இந்தத் தடவ எப்படியும் தூக்கி விட்டுருவோம்னுதான் போனேன். போன ஒடனே போர்டுல பெருசா எழுதிப் போட்டேன், "மழை பெய்தால் ஊர் மக்கள் மகிழ்வார்கள்." பத்துத் தடவ சொல்ல வச்சேன். "சொல்லுங்கல, மழை பெய்தால்?" "மகிழ்வார்கள்!" "இன்னும் சத்தமா!" "மகிழ்வார்கள்!" அரை மணி நேரத்துல மனப்பாடம். பதினாறு வருசத்துல அந்தம்மாவால முடியாததை நான் அரை மணி நேரத்துல முடிச்சேன். பெறவு போர்டை அழிச்சிட்டுக் கேள்வித்தாளைக் குடுத்தேன், அதே கேள்வித்தாள்தான். சொல்லிக் குடுத்த மாதிரிதானன்னு நீங்க கேக்கலாம். இல்ல. அந்தம்மா செஞ்சா அது முறைகேடு. நான் செஞ்சா அது குறைதீர் கற்பித்தல். அப்படி ஒரு தலைப்பே இருக்கு எங்க பாரத்துல.

காலையிலயே அந்தம்மா ஒரு பாட்டு பாடிச்சு. "வானம் கருத்துக் கெடக்கு சார், கடைசி வாரல் உப்பு எல்லாம் வரப்புலயே கெடக்கு. பரீட்சைய நாளைக்கு வச்சுக்கிடலாமா?" வானத்தைக் கேட்டா நான் பரீட்சை வைக்கணும்? "பத்தரைக்கு ஆரம்பம், பதினொன்னரைக்கு முடிவு"ன்னேன்.

பத்து அம்பதுக்கு மொதத் துளி விழுந்துச்சு. தகரக் கூரையா, சத்தம் பெருசாக் கேட்டுச்சு. பாத்திப் பக்கத்துல இருந்து ஒரு பொம்பள, "ஏ, மழேய்!"னு கூப்பாடு போட்டா. பதினோரு தலையும் நிமிந்துச்சு. எல்லாம் டீச்சரைப் பாக்குது. டீச்சர் என்னைப் பாக்குது.

"எவனும் எந்திரிக்கப்படாது. எந்திரிச்சா பேப்பர் காலி. பள்ளிக்கூடமும் காலி. தெரியும்லா?"ன்னேன்.

தெரியும் எல்லாத்துக்கும். தெரிஞ்சும் அந்தச் சந்தனமாரி எந்திரிச்சுது. பேப்பர் பறந்துராம அது மேல பென்சில் டப்பாவைத் தூக்கி வச்சுது. "போயிட்டு இன்னா வந்துருதேன் சார்"னுட்டு ஓடிச்சு. அதுக்குப் பின்னால மத்த பத்துப் பேரும், அதுங்களுக்குப் பின்னால ஒண்ணாப்பு ரெண்டாப்புப் பொடிசுங்களும். அந்தம்மாவாவது நிக்கும்னு பாத்தேன். "சார், சாரல் அடிக்கும், பேப்பர உள்ள தள்ளி வைங்க"ன்னுட்டு, சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு அதுவும் ஓடிச்சு! ஹெட்மிஸ்ட்ரஸ்!

வராந்தாவுல நின்னு பாத்தேன். ஊரே பாத்திக்குள்ள கெடக்கு. பெரியவன் சின்னவன் இல்லாம ஓலைய இழுக்கான், தார்ப்பாய விரிக்கான், பறக்காம இருக்கப் பிள்ளைங்க அது மேல ஏறி உக்காந்திருக்கு. அந்தம்மா ஒரு முனையப் பிடிச்சுக்கிட்டு நிக்கி. என்கிட்ட கொடை இருந்துச்சு. ஆனா நான் எதுக்கு எறங்கணும்? அது என் வேலை இல்ல.

உள்ள வந்து பேப்பரை எடுத்துப் பாத்தேன். எட்டுக் கேள்வி வரைக்கும் எழுதியிருக்கு. எட்டும் சரி. ஏழாவது கேள்விய மட்டும் திரும்ப ஒரு தடவ எல்லாப் பேப்பர்லயும் பாத்தேன். பதினோரு பேரும் மகிழ்வார்கள்னு டிக் அடிச்சிட்டுத்தான் ஓடியிருக்கு. நான் சொல்லிக் குடுத்தது வீணாப் போகல. அதுக்குப் பதினோரு பேருக்கும் முழு மார்க் போட்டேன். நேர்மைன்னா நேர்மை.

மழை நிக்க முக்கா மணி நேரம் ஆச்சு. பாதி உப்பு கரைஞ்சிட்டாம், பாதி தப்பிச்சிட்டாம். பிள்ளைங்க சொட்டச் சொட்டத் திரும்பி வந்து வாசல்ல நிக்கி. உள்ள வந்தா பேப்பர் நனைஞ்சிரும்னு வாசல்லயே நிக்கி. "மிச்சத்த எழுதட்டுமா சார்?" நான் கடிகாரத்தைக் காட்டினேன். பதினொன்னு முப்பத்தஞ்சு. பரீட்சை பதினொன்னரை வரைக்கும்தான். அஞ்சு நிமிசம்னாலும் நேரம் நேரம்தான். இருபதுல எட்டு, நூத்துக்கு நாப்பது. "பன்னெண்டு கேள்வியும் தெரியும் சார், கேட்டுப் பாருங்க"ன்னு அந்தம்மா கெஞ்சுது. மொதத் தடவையா கெஞ்சுது. இந்தக் கெஞ்சலை மொத நாளே ஒரு கலர் வாங்கிக் குடுத்துக் கெஞ்சியிருந்தா கதையே வேற.

மூடியாச்சு. அந்தம்மாவை நாப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கு மாத்தியாச்சு. பிள்ளைங்க பத்தொம்பது பேரையும் மெயின் ரோட்டுப் பள்ளிப் பதிவேட்டுல ஏத்தியாச்சு. தினமும் பத்தொம்பது பேருக்கும் வருகை போடுதார் பரமார்த்தலிங்கம், ஒரு நாள் கூட விடாம. நான் ஒரு தடவ தலைய எண்ணினேன், ஏழு இருந்துச்சு. "மிச்சம் வந்துக்கிட்டே இருக்கு சார்"ன்னார். தூரம்லா. நடந்து வரணும்லா.

இன்னைக்கு எதுக்குப் போனேன்னா, மூடின பள்ளியில அந்தப் பீரோ கெடக்கு. சனிக்கிழம, ஆபீஸ் லீவு, ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு ஆள் விட்டுத் தூக்கலாம்னு போனேன். பாத்தா, வராந்தாவுல சத்தம் கேக்கு. பதினாலு பிள்ளைங்க உக்காந்திருக்கு. நடுவுல அந்தம்மா! ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கு. சனிக்கிழம தோறும் வருதாம். ஆரு அனுமதி? "ரூமைத் தொறக்கல சார். வராந்தாவுக்குப் பூட்டு இல்லையே"ங்கு. மூடின அரசாங்கக் கட்டடத்துல, லீவு நாள்ல, வேற பள்ளிப் பதிவேட்டுல உள்ள பிள்ளைங்களை வச்சுப் பாடம்! இதை விட்டா நாளைக்கு ஊருக்கு ஊரு வராந்தாவுல பள்ளி நடத்துவாவ.

அங்கனயே உக்காந்து அறிக்கைய எழுதினேன். இந்தா, இதுதான். வேலைக்கே வேட்டு வைக்கிற மாதிரி எழுதியிருக்கேன். ஆனா ஊர்ல ஒரு ஆளோட சாட்சிக் கையெழுத்து வேணும். அந்நேரம் பாத்து முத்துப்பேச்சி பாத்தியில இருந்து ஏறி வந்தா. "இதுல ஒரு கைநாட்டு வையும்மா"ன்னேன். ஈரக் கைய சேலையில தொடைச்சா. வச்சிருவான்னு நெனைச்சேன். "வாசிக்காம வைக்கப்படாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காவல்லா"ன்னுட்டு, "ஏட்டி சந்தனம், இதுல என்ன போட்டிருக்குன்னு வாசி"ன்னு காகிதத்தைப் பிள்ளை கையில குடுத்துட்டா.

அந்தப் பிள்ளை எந்திரிச்சு நின்னு வாசிக்கி. நாலாப்பு. "மேற்படி ஆசிரியை எமரன்சியா என்பவர், உரிய அனுமதியின்றி, மூடப்பட்ட அரசுக் கட்டடத்தில்..." கடகடன்னு போவுது. எனக்கே நாக்குச் சுளுக்குத வார்த்தை எல்லாம் போட்டு எழுதியிருக்கேன், ஒண்ணுல தட்டல. அந்தம்மா நின்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. கோவப்படும், அழும்னு பாத்தேன். "கமா வந்தா நிறுத்தி வாசிட்டி"ங்கு. அதைப் பத்தி எழுதின குற்றச்சாட்டு! பிள்ளையும் நிறுத்தி வாசிச்சுது. "...துறை ரீதியான கடும் நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது." முடிச்சிட்டு என்னைப் பாத்து, "மேற்படி ஆசிரியைன்னா எங்க டீச்சரா சார்?"ங்கு.

ஆத்தாக்காரிக்குக் கோவம் வரணும்லா? அவ பக்கத்துப் பாத்தியில நின்னவளைக் கைதட்டிக் கூப்பிடுதா. "ஏ, இங்க வாங்கட்டி! எம் மவ கவர்மெண்டுக் காகிதத்தை நிக்காம வாசிக்கா!" எட்டுப் பத்துப் பொம்பளைங்க சுத்தி நின்னு, திரும்ப ஒரு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டாளுவ. நான் எழுதினதை! பெறவு என் கையில குடுத்துட்டு, "இதுக்கு இந்த ஊர்ல எவளும் கைநாட்டு வைக்க மாட்டாய்யா"ன்னுட்டு எறங்கிப் போயிட்டா. திமிரு. படிக்கத் தெரிஞ்ச திமிரு.

வாசிச்சது நல்லாத்தான் வாசிச்சுது, இல்லைன்னு சொல்லல. அம்பத்திரண்டு பள்ளியில நாலாப்புல அப்படி வாசிக்கிற பிள்ளைய நான் பாத்ததில்ல. அதுக்கு நான் என்ன செய்ய? வாசிப்புத் திறன்ல முழு மார்க் போடலாம்னா எந்தப் பள்ளி பேர்ல போட? அந்தப் பள்ளிதான் இல்லையே. பரமார்த்தலிங்கம் பேர்லதான் போடணும். திங்கக்கிழம போட்டுருவேன்.

அது கெடக்கட்டும். இப்போ இந்த அறிக்கை போய்ச் சேரணும். எல்லாம் சரியா இருக்கு, சாட்சிக் கட்டம் ஒண்ணுதான் காலி. உங்களைப் பாத்தா படிச்ச ஆள் மாதிரித் தெரியுது. அந்த ஊர் வழியாத்தான வந்திருக்கிய, அது போதும். ஒரு கையெழுத்துப் போட்டா உங்களுக்கு என்ன கொறைஞ்சிரப் போவுது? இந்தாங்க பேனா. பஸ் குலுங்குது, தொடையில வச்சுப் போடுங்க. என்ன, பையில என்னத்தத் தேடுதிய? கண்ணாடியா? எதுக்கு?

வாசிக்கவெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. அடியில போடுங்க. அடியில.